இரண்டாவது தூக்குப்போசி

ஜூன் 8, ஞாயிறு

இன்று அப்பாவைப் பார்க்க ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேரும் ஆளுக்கொரு சூப் சொன்னார்கள். முருங்கைக்கீரை, கொள்ளு, முடக்கத்தான், பிரண்டை. ஒருவர் முள்ளங்கி என்றார். எலும்புக்கும் முள்ளங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். வெள்ளையாக இருக்கிறதே என்றார். நான் வைத்துக் கொண்டுவருகிறேன் என்று ஒன்பது பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

எல்லாம் நேற்று எடுத்த எக்ஸ்ரேயால் வந்தது. அப்பா லாரிமேல் நின்று தார்ப்பாய் கட்டும்போது விழுந்து இரண்டு மாதமாகிறது. இடது முழங்காலுக்குக் கீழே முறிவு, மாவுக்கட்டு. இந்நேரம் எலும்பு கூடத் தொடங்கியிருக்க வேண்டுமாம், தொடங்கவில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, விரிசலைப் பேனா முனையால் காட்டினார். இன்னும் ஆறு வாரம் பார்ப்போம், அதற்குள் கூடாவிட்டால் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் வெட்டியெடுத்து அங்கே வைக்க வேண்டும் என்றார். அப்புறம் லாரி ஓட்டலாமா என்று அம்மா கேட்டாள். அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். இடது கால்தான் கிளட்ச் மிதிக்கும் கால்.

செங்கோடன் மாமாவும் வந்திருந்தார். அம்மாவின் அண்ணன், இரண்டு தெரு தள்ளி மாடு வைத்திருக்கிறார், எங்களுக்குப் பால் அங்கேதான். அவர் எப்போதும் போல ஆரம்பித்தார்.

"நாலு ஆட்டுக்கால வாங்கி ராவெல்லாம் வேக வெச்சுக் குடிச்சா எந்திரிச்சு ஓடிருவீங்க மாப்ள. நீங்க என்னடான்னா கீரத்தண்ணி குடிச்சுப்போட்டுப் படுத்துருக்கறீங்க."

"நாலு காலும் போனா அந்த ஆடு எந்த டாக்டர்கிட்ட போகும் மச்சான்?" என்று அப்பா சிரித்தார்.

நாமக்கல்லில் முட்டை லோடு ஏற்றமாட்டேன், கோழி லோடு ஏற்றமாட்டேன் என்று சொல்லும் டிரைவர் என் அப்பா ஒருவர்தான். மீனில்லாத கடலில்தான் வலை போடுவேன் என்பது போலத்தான் இது என்று மாமா சொல்வார். நான் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்பு அப்பா சன்மார்க்க சங்கத்தில் சேர்ந்து கறியை விட்டார். அவர் கேட்காமலே அம்மாவும் விட்டாள். இப்போது அவர்தான் சங்கச் செயலாளர். மாதாமாதம் பூச நாளில் சங்கத்தில் கஞ்சி ஊற்றுவார்கள், முதல் கரண்டி அப்பா கையால்.

அம்மா தார்ப்பாய் தைக்கும் கடையிலிருந்து ஆறு மணிக்குத்தான் வருகிறாள். ஆகவே சூப் என் பொறுப்பு. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் எனக்கு வேறு வேலையே இல்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

பிரண்டை சூப். நூலகத்தில் எடுத்த மூலிகைப் புத்தகத்தில் 'கணு நீக்கி, நார் உரித்து, நன்கு வதக்கி' என்று இருந்தது. கணுவை நீக்கினேன், நாரை உரித்தேன், வதக்குவதில் அவசரப்பட்டேன். எனக்கு நாக்கு அரிக்கிறது, அம்மாவுக்குத் தொண்டை அரிக்கிறது. அப்பா முழு டம்ளரையும் குடித்துவிட்டு, கழுத்தைச் சொறிந்துகொண்டே, "நல்லாருக்கு கண்ணு" என்றார்.

ஜூன் 14, சனி

அம்மாவோடு கொல்லிமலை அடிவாரச் சந்தைக்குப் போய் முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கினேன். மலையிலிருந்து கொண்டுவந்து சாக்கில் பரப்பியிருந்தார்கள். பழுப்பு ரோமத்தோடு அச்சு அசலாக ஆட்டின் கால் போலவே இருக்கிறது, ஆனால் பாறையில் வளரும் செடியின் கிழங்கு. விற்ற அம்மாள் சொன்னார்: "இதுதாங் கண்ணு சைவ ஆட்டுக்காலு. ருசியும் அப்படியே இருக்கும்." நாங்கள் எதை வைத்து ஒப்பிடுவது என்று நான் கேட்டேன். அம்மா என் கையைக் கிள்ளினாள்.

ஜூன் 15, ஞாயிறு

செய்முறையை ஒழுங்காக எழுதிவைக்கிறேன், பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. ரோமத்தையும் தோலையும் சீவிய கிழங்கு நூறு கிராம். சின்ன வெங்காயம் பன்னிரண்டு, பூண்டு ஆறு பல், மிளகு பதினைந்து, சீரகம் ஒரு சிறு கரண்டி, தக்காளி ஒன்று. கிழங்கைத் தட்டிப் போட்டு முக்கால் மணி நேரம் கொதி. சாயங்காலம் ஒரு டம்ளர், மீதி ஃப்ரிட்ஜில், மறுநாள் காலை சூடாக்கி இன்னொரு டம்ளர்.

மழை பெய்த தோட்டத்தைக் குடிப்பது போல இருந்தது. "நல்லாருக்கு கண்ணு."

என் கட்டுரைக்கு டீச்சர் வெறுமனே 'நன்று' என்று எழுதிக் கொடுத்தால் எனக்கு வரும் எரிச்சல் இதிலும் வருகிறது. எது நன்று, எது போதாது என்று சொன்னால்தானே திருத்த முடியும்?

ஜூன் 17, செவ்வாய்

வேண்டுமென்றே உப்புப் போடாமல் கொடுத்துப் பார்த்தேன். "நல்லாருக்கு கண்ணு."

ஜூன் 20, வெள்ளி

அம்மாவுக்குத் திடீரென்று என் படிப்பின்மேல் அக்கறை. பால் வாங்கிவிட்டு வந்தவள், "நீ போய்ப் படி, சூப்ப நான் வடிகட்டிக்கறேன்" என்று என்னை அடுப்படியிலிருந்து விரட்டிவிட்டாள். எப்போதும் ஒரே தூக்குப்போசியில், அதாவது மூடி போட்ட தூக்குப்பாத்திரத்தில், வரும் பால் இன்று இரண்டில் வந்தது. மாமா வீட்டு மாடு கன்று போட்டு ஐந்து மாதமாகிறது, இப்போது போய் எப்படிக் கூடுதலாகக் கறக்கிறது என்று கேட்டேன். அது மாட்டைத்தான் கேட்கணும் என்றாள்.

அப்பா ஒரு வாய் குடித்தார். விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், வாசற்படியைப் பார்த்தார். அப்புறம் மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினார். 'நல்லாருக்கு'கூடச் சொல்லவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் சங்க வழக்கப்படி தினமும் அவர் ஏற்றும் விளக்கையும் இன்று என்னை ஏற்றச் சொன்னார். கை நடுங்குகிறதாம். முறிந்தது கால். இருந்தாலும் ஏற்றினேன். இந்த வீட்டில் எந்த வேலையும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கிறது.

ஜூன் 21, சனி

வெற்றி. காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் மீதிச் சூப் அப்படியே உறைந்திருக்கிறது. கிண்ணத்தைச் சாய்த்தால் ஓடவில்லை, தட்டினால் குலுங்குகிறது. ஐந்து நாளாக இப்படி ஆனதில்லை. நேற்று பத்து நிமிஷம் கூடுதலாகக் கொதிக்கவிட்டேன், கிழங்கின் சத்து முழுதும் இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவள் பாதி பார்த்துவிட்டு, "சரி சரி, சூடு பண்ணிக் குடு" என்றாள். ஒரு கண்டுபிடிப்பை இப்படியா வரவேற்பது?

ஜூன் 25, புதன்

ஐந்து நாளும் உறைந்தது. ஐந்து நாளும் அப்பா ஒன்றும் சொல்லாமல் குடித்தார். விளக்கு நான்தான் ஏற்றுகிறேன்.

ஜூலை 17 அன்று பள்ளியில் அறிவியல் கண்காட்சி. 'முடவாட்டுக்கால் கிழங்கும் எலும்பு கூடுதலும்' என்று தலைப்புக் கொடுத்துப் பெயர் பதிந்துவிட்டேன். உறைந்த சூப்பையும் அப்பாவின் எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன்.

இன்னொரு எரிச்சல்: இரண்டாவது தூக்குப்போசியைத் தேய்ப்பது. எத்தனை சாம்பல் போட்டாலும் பிசுக்குப் போகவில்லை, விரல் வழுக்குகிறது. பாலில் இத்தனை நெய்ச்சத்து இருந்தால் மாமா சொஸைட்டிக்கு ஊற்றிப் பணக்காரராகியிருக்கலாம்.

ஜூன் 28, சனி

பூசம். போன மாதம் வலியோடு வலியாக ஆட்டோ வைத்துப் போய், நாற்காலியில் உட்கார்ந்தபடி முதல் கரண்டி கஞ்சியை அப்பா ஊற்றினார். இந்த மாதம் சங்கத்துத் தலைவர் முத்துக்குமாரு ஐயா ஆட்டோவோடு வந்து நின்றும் போகவில்லை. காலை அசைக்க முடியவில்லையாம். காலையில்தான் கட்டுப்போட்ட காலைத் தானே தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டார், நான் பார்த்தேன். அதை ஐயா முன்னால் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.

ஜூலை 2, புதன்

உறைந்த சூப்பை ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்துப்போய் அறிவியல் எடுக்கும் ஜெயசுதா டீச்சரிடம் காட்டினேன். டீச்சர் பாட்டிலை வெந்நீரில் வைத்தார், உருகியது. குளிரவைத்தார், மறுபடி உறைந்தது. முகர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டில் சைவமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்தக் கிழங்கு இப்படி உறைந்து தான் பார்த்ததில்லை என்றார்.

பிறகு டீச்சருக்கே உரிய பொறுமையோடு (எனக்கு அது இல்லை) ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். அடுப்பிலிருந்து இறக்கியதும், வேறு யார் கையும் படுமுன், ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து மூடிவை. காலையில் இரண்டையும் பார். கண்காட்சி என்றால் ஒப்பீடு வேண்டும் இல்லையா என்றார். அப்போது அவர் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என்னை அல்ல.

ஜூலை 4, வெள்ளி

நேற்றுச் சாயங்காலம் நான் தனியாக எடுத்துவைத்த டம்ளர்: தண்ணீர்.

அம்மா வடிகட்டிய கிண்ணம்: உறைந்திருக்கிறது.

ஒருவேளை டம்ளர் சிறியது என்பதால் இருக்கலாம். ஒருவேளை மூடியதால் இருக்கலாம். நாளை மறுபடி செய்து பார்க்க வேண்டும். வேறு எதையும் இப்போது எழுத விரும்பவில்லை.

ஜூலை 5, சனி

மறுபடி செய்யவில்லை. தேவைப்படவில்லை.

சாயங்காலம் அம்மா தூக்குப்போசிகளை அடுப்படியில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனாள். இரண்டாவதன் மூடியைத் திறந்தேன். மஞ்சளாகக் கொழுப்பு வட்டம் வட்டமாக மிதந்தது. கரண்டியை விட்டேன், அடியில் ஏதோ இடித்தது. எடுத்துப் பார்த்தேன். சின்னக் கணுவெலும்பு.

அம்மா வந்து நின்றாள். ஈரக் கையைச் சேலையில்கூடத் துடைக்கவில்லை.

"எத்தன நாளா?"

"ரெண்டு வாரத்துக்கு முந்துன வெள்ளிக்கெழமையில இருந்து. உங்க மாமன் வீட்ல வேக வெச்சுத் தர்றாங்க. நான் வாயில வெக்கல கண்ணு, சத்தியமா."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது. உன்ற கெழங்கு வாசன மூடிருது."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நூறு கிராம் நிறுத்து, மிளகை எண்ணிப்போட்டு நான் வைத்ததெல்லாம் சூப் இல்லை, மூடி. இது அப்பாவுக்குச் செய்யும் துரோகம் என்றேன். முட்டை லோடு ஏற்றாததற்காக எத்தனை நடை வாடகையை விட்டவர், அவருக்கே தெரியாமல் ஊட்டுவதா என்றேன். புத்தகத்தில் படித்த வார்த்தைகள் எல்லாம் வந்தன. நான் மூச்சு வாங்கியபோதுதான் அம்மா சொன்னாள்:

"அவரு இடுப்பெலும்ப வெட்டறதுக்கு நாந்தான் கையெழுத்துப் போடோணும். அந்தப் பேனாவப் புடிக்கறதுக்கு இந்தப் போசியத் தூக்கிட்டு வர்றது மேலு. போயிச் சொல்றதுன்னாச் சொல்லு."

டம்ளரை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். சொல்வதற்காகத்தான் போனேன். அப்பா வாங்கிக் குடித்தார். நான் விளக்கை ஏற்றினேன்.

ஜூலை 6, ஞாயிறு

உறைந்திருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

கண்காட்சியிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்தேன். 'தவிர்க்க முடியாத குடும்பக் காரணத்தால்' என்று எழுதினேன். ஜெயசுதா டீச்சர் படித்துவிட்டு, ஏன் என்று கேட்காமல் மடித்து வைத்துக்கொண்டார். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கும் டீச்சர் அவர்.

அம்மாவும் நானும் சூப்பைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நான் கொதிக்கவைத்து இறக்கிவிட்டுக் கூடத்துக்குப் போகிறேன், அவள் உள்ளே வருகிறாள். ஷிப்ட் மாறுவது போல.

ஜூலை 19, சனி

எலும்பு கூடியிருக்கிறது. விரிசலைச் சுற்றி வெள்ளையாக முடிச்சுப் போட்டது போலத் தெரிகிறது. ஆபரேஷன் தேவையில்லை. கட்டைப் பிரித்து வேறு கட்டுப் போட்டு, கைத்தடி ஊன்றி நடக்கச் சொன்னார் டாக்டர். நான்கு மாதத்தில் லாரி எடுக்கலாம். அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

எதனால் கூடியது என்று கேட்டேன். காலை ஊன்றாமல் இருந்தது, மாத்திரையை ஒழுங்காகப் போட்டது, சிலருக்கு மெதுவாகத்தான் கூடும் என்றார். சூப் காரணமா என்றேன். சூப்பா, குடித்தால் நல்லதுதான் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஆறு வாரமாக இந்த வீட்டில் நடந்ததற்கு அவ்வளவுதான் பதில்.

வீட்டு வாசலில் மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "அம்மிணியோட கெழங்குச் சூப்புதான் மாப்ள" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கு அங்கேயே ஓவென்று கத்தலாம் போல இருந்தது.

ஜூலை 21, திங்கள்

அம்மா கடைக்குப் போன பிறகு, நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அப்பா பேனாவும் தாளும் கொண்டுவரச் சொன்னார். சங்கத் தலைவருக்குக் கடிதம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'வணக்கம். உடல்நிலை காரணமாகச் செயலாளர் பொறுப்பிலிருந்தும் பூசக் கஞ்சி வார்க்கும் பணியிலிருந்தும் விலகிக்கொள்கிறேன். வேறு அன்பரை நியமிக்க வேண்டுகிறேன். இப்படிக்கு, செ. அர்த்தனாரி.'

டாக்டரே சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகு என்ன உடல்நிலை என்று கேட்டேன். எழுது என்றார். இது பொய் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்பா கைத்தடியைச் சுவரில் சாய்த்துவைத்தார். அது சரிந்தது, மறுபடி வைத்தார்.

"இருவத்தெட்டு வயசு வரைக்கும் ஆட்டுக்காலு சூப்பு குடிச்சவன் கண்ணு நான். மொத வாயிலயே எனக்குத் தெரியாதா?"

அப்புறம் ஏன் குடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் கதவுப் பக்கம் பார்த்தார். கடைசியில் சொன்னார்:

"உங்கம்மா கதவோரமா நின்னு பாத்துட்டிருந்தா."

அவ்வளவுதான். பிறகு, தெரிந்து குடித்த கையால் அந்தக் கரண்டியைப் பிடிக்க முடியாது என்றார். அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். "கால்வலின்னு சொல்லிரு. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

கடிதத்தை முடித்துக் கொடுத்தேன். இந்த மாதம் நான் எழுதிய இரண்டாவது பொய்க் கடிதம். அம்மாவின் ரகசியத்தை அப்பாவிடமிருந்தும் அப்பாவின் ரகசியத்தை அம்மாவிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும். இந்த வீட்டில் மூடி போட்ட பாத்திரம் இப்போது நான்தான்.

முதல் மணிக்குத் தாமதமாகப் போய் வெளியே நின்றேன். காரணம் கேட்டார்கள். கால்வலி என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

கடிதம் கிடைத்து முத்துக்குமாரு ஐயா சாயங்காலம் வந்தார். வெள்ளிக்கிழமை பூசம், கால் சரியாகிவிட்ட நேரத்தில் இப்படிச் செய்யலாமா, பதினைந்து வருஷமாக நீ ஊற்றிய கஞ்சி என்று கெஞ்சினார். அப்பா பிடிகொடுக்கவில்லை. ரொம்ப நேரம் நிற்க முடியாது ஐயா என்றார். உட்கார்ந்தே ஊற்றலாமே, முன்பு செய்தாயே என்றார் அவர். அப்பா தரையைப் பார்த்தார்.

அம்மா மோர் டம்ளரோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். ஐயாவைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள், ஸ்டூலில் இருந்த விளக்கைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் சத்தியமாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது போசி வந்த நாளிலிருந்து யார் விளக்கேற்றுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மோரை ஐயாவிடம் கொடுக்க மறந்து, உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

ஐயா போன பிறகு பால் வாங்கக் கிளம்பினாள். திரும்பி வரும்போது கையில் ஒரே ஒரு தூக்குப்போசி.

நான் சூப்பை இறக்கிவிட்டு வழக்கம்போலக் கூடத்துக்குக் கிளம்பினேன். "நீயே வடிகட்டு" என்றாள். வடிகட்டிக் கொண்டுபோனேன். அப்பா தூங்கிவிட்டிருந்தார். எழுப்பவில்லை. எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

ஜூலை 23, புதன்

காலையில் கிண்ணத்தைச் சாய்த்தேன். சூப் ஓடியது. கொஞ்சம் கைமேல் கொட்டிக்கொண்டேன்.

சூடாக்கிக் கொண்டுபோனேன். அம்மா கடைக்குக் கிளம்பியவள், செருப்பைக் காலில் போட்டபடியே கதவோரம் நின்றாள். அப்பா ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அம்மாவை நேராகப் பார்த்தார். அவளும் பார்த்தாள். நடுவில் நான் எதற்கு நிற்கிறேன் என்று தெரியாமல் நின்றேன்.

அப்பா முகத்தைச் சுளித்தார். "என்ன கண்ணு இது, மண்ணு வாசன அடிக்குது. காரமும் பத்தல."

சொல்லிவிட்டுக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரை நீட்டி, இன்னும் இருந்தால் ஊற்று என்றார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வேகமாகத் தெருவில் இறங்கிப் போய்விட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறு வாரத்தில் முதல் விமர்சனம். நாளையிலிருந்து மிளகு இருபது.